வெட்டு நேரமும் வண்டி நேரமும்

ஓய்வு பெற்றவர்களைப் பயிற்சி வகுப்புக்கு அழைப்பது பேசவைப்பதற்காக அல்ல. குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர் வேண்டும், நான்கு பேர் தேறுவார்கள், ஐந்தாவது ஆளுக்கு எங்களைப் போன்ற ஒருவருக்குப் போன் வரும். போன கோடையில் அப்படித்தான் எனக்கும் வந்தது. எங்கள் பழைய ஆரம்ப சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியர்களுக்கு வெயில் காலப் பாதிப்புகள் பற்றி ஒருநாள் வகுப்பு. விளக்கை ஏற்றிவிட்டு, கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பெடுக்க வந்த இளம் டாக்டர் நன்றாகவே பேசினார். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, மனிதனால் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒரு கேள்வியைத் திரையில் போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். முடியும் என்று பாதிப் பேர், முடியாது என்று மீதிப் பேர். என் முறை வந்தபோது, "எனக்குத் தெரிஞ்சது ஒரு கரும்பு வெட்டுற செட்டுதான் சார். அவங்க மாத்திக்கினாங்க. அதுல இன்னா ஆச்சுன்னு சொல்லணும்னா அரை மணி நேரம் ஆவும்" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டீயும் வந்துவிட்டது. இப்போது என் பழைய துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் மட்டும் விடவில்லை. "அந்த அரை மணி நேரத்த எழுதியாவது குடுங்கக்கா" என்றாள். அதைத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம். அதில் ஊசி போடக் கற்றது பாதி, பெரியவர்கள் வரும்போது எழுந்து நிற்கக் கற்றது பாதி. முதல் வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து வீடு வீடாகப் பார்ப்பேன். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ரத்தம் எடு, மாத்திரை கொடு, கம்பளி போர்த்து. அங்கே அடிக்கிற குளிருக்குக் கம்பளியும் ஒரு மருந்துதான். வெள்ளிமலையில் நான் இருந்த நாட்களில் ஒரு வீட்டிலும் மின்விசிறி பார்த்ததில்லை. இப்போது அந்தக் கடைத்தெருவிலேயே டேபிள் ஃபேன் விற்கிறார்கள் என்று கேள்வி.

பிறகு சமவெளிக்கு மாற்றல் வந்தது. மணலூர்பேட்டைக்கும் சங்கராபுரத்துக்கும் இடையில், நெல்லும் கரும்புமான ஒரு ஊர். மீதிக் காலம் முழுக்க அங்கேயேதான்.

அங்கே எங்களுக்கு மேற்பார்வையாளர் லூர்து மேடம். குட்டையான உருவம், குரல் எழும்பாது, யாரையும் திட்டமாட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பஸ்ஸில் வந்து இறங்குவார். பதிவேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்புவார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து ஒரே கேள்விதான்: "பாத்தியா, கேட்டியா?" நாமே போய்ப் பார்த்து எழுதியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் 'பா' என்று போடுவார். யாரோ சொல்லி எழுதியிருந்தால் 'கே'. பொய் சொல்ல முடியாது. பார்த்தேன் என்றால், "அந்த வூட்டு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்.

'கே' போட்டதும் பென்சிலைக் கைப்பையில் வைத்துவிட்டு, "வா, நடக்கலாம்" என்பார். அந்த வீட்டுக்கு அப்போதே போகவேண்டும், மண்டை பிளக்கிற வெயிலாக இருந்தாலும். ஒவ்வொரு 'கே'வுக்கும் ஒரு நடை. அதற்குப் பயந்தே நாங்கள் முன்கூட்டியே போய்ப் பார்த்துவைக்கப் பழகினோம்.

எங்கள் ஊரில் ஒன்பது ஜோடிகள் சேர்ந்த ஒரு கரும்பு வெட்டும் செட்டு இருந்தது. புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி தோகை கழித்துக் கட்டு கட்டுவாள், கட்டைத் தூக்கிக்கொண்டுபோய் டிராக்டரில் ஏற்றக் கொடுப்பாள். ஜோடியாக இருந்தால்தான் செட்டில் சேர்ப்பார்கள், ஒண்டி ஆளுக்கு இடமில்லை. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள். மாசியிலிருந்து வைகாசி வரை அந்த வெட்டுதான் அவர்களுக்குச் சோறு.

நான் வந்த புதிதில் அவர்கள் காலை ஆறு மணிக்குப் போய் மதியம் வரை வெட்டுவார்கள். வெயிலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. வருடம் போகப் போக, பத்து மணிக்கே தலைவலி, கைகால் இழுக்கிறது, வாந்தி என்று ஒவ்வொருவராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உட்கார வைப்பேன், ஆண்கள் தெளிந்து போய்விடுவார்கள். பெண்களுக்கு மட்டும் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தது. 'தண்ணீர் அதிகம் குடிக்க அறிவுறுத்தப்பட்டது' என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அழகாக எழுதிவைத்தேன்.

லூர்து மேடம் விரலை வைத்தார். "குடிச்சாங்களா?"

"சொல்லியிருக்கேன் மேடம்."

"சொன்னத நான் கேக்கல. குடிச்சாங்களா?"

'கே' விழுந்தது. வெட்டு காலையில்தான் என்பதால், மறுநாள் மேடத்தோடு கரும்புக் கொல்லைக்குப் போனேன். வரப்பில் ஒரு நீலக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆண்கள் மொண்டு மொண்டு குடித்தார்கள். பெண்கள் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார்கள். அவர்களில் அஞ்சலை எனக்கு நன்றாகத் தெரிந்தவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டது நான்தான்.

"இன்னா அஞ்சல, குடிக்காம துப்புற?"

"குடிச்சா எங்க போறது நர்சம்மா? வெட்ட வெட்ட மறைவு போய்க்கினே இருக்குது. அந்தாண்ட ரோடு, இந்தாண்ட ஆம்பளைங்க. வூட்டுக்குப் போயி குடிச்சிக்கலாம்" என்றாள். அதில் வருத்தமாகச் சொன்ன தொனி எதுவுமில்லை. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. செட்டை நடத்தும் மேஸ்திரியையும் ஆண்களையும் கூப்பிட்டுப் பேசினேன். விடிகாலை நான்கு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள், வெயிலும் இருக்காது, இருட்டில் பெண்களுக்கும் ஒதுங்க மறைவு இருக்கும் என்றேன். பாம்புக்குப் பயந்து கொஞ்சம் இழுத்தார்கள். நெற்றியில் கட்டும் விளக்கு வாங்கியதும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையில் தலைவலி, இழுப்பு என்று வந்தவர்கள் பாதிக்குப் பாதி கம்மி. கூட்டங்களில் எங்கள் ஊரை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பதிவேட்டில், 'வேலை நேரம் மாற்றப்பட்டது, பெண்கள் நலமாக உள்ளனர்' என்று எழுதினேன். லூர்து மேடம் அந்த வரியில் விரலை வைத்தார். 'கே' போட்டார். அந்தச் சமயம் அவருக்கு முழங்கால் வலி. நடக்கலாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லோரும் மெச்சுகிற ஒன்றை இந்த அம்மா மட்டும் சந்தேகப்படுகிறாரே என்று எரிச்சலாகத்தான் வந்தது.

அடுத்த கோடை, சித்திரை மாதம், ஒரு புதன்கிழமை. புதன் தடுப்பூசி நாள். பக்கத்துக் காலனி அங்கன்வாடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். தடுப்பூசி மருந்தைச் சின்னப் பெட்டி ஒன்றில், நான்கு ஐஸ் பேக்குக்கு நடுவே வைத்து எடுத்துப்போவோம். தேவையில்லாமல் மூடியைத் திறக்கக்கூடாது. மீந்த மருந்தை அதே குளிர்ச்சியோடு மாலைக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். சூடு பட்டால் அத்தனையும் வீண், அதற்கு விளக்கம் எழுத வேண்டும். என் சர்வீஸில் ஒரு முறைகூட அப்படி எழுதியதில்லை.

ஒரு மணி தாண்டிப் போன் வந்தது. அஞ்சலையின் புருஷன் ஏழுமலை.

"நர்சம்மா, அஞ்சலைக்கு ஜுரம். நெருப்பா கொதிக்கிது. இன்னான்னமோ பேசுறா. கொல்லையிலேர்ந்து வண்டியில வச்சி இட்டாந்தோம்."

"வூட்ல ஜுர மாத்திரை இருக்குதா? ஒண்ணு குடு. படுக்க வை. இங்க ஊசி முடிச்சிட்டு வரேன்" என்றேன்.

ஜுரம் என்ற சொல் காதில் விழுந்ததும் மலையில் கற்ற பாடம் தானாக வாய்க்கு வந்துவிட்டது. கொல்லையிலிருந்து என்று அவன் சொன்னது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதும்போதுதான் உறைத்தது. ஒன்பது மணிக்கு வேலை முடிந்துவிடுமே, மதியம் ஒரு மணிக்கு இவள் கொல்லையில் என்ன செய்துகொண்டிருந்தாள்? பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரை முறுக்கினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அஞ்சலை வீடு தகரக் கூரை. கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள், காற்றுப் படக்கூடாதாம். உள்ளே அவள்மேல் இரண்டு போர்வை, தலையில் துண்டு சுற்றி, நெற்றி நிறைய விபூதி. போர்வையை விலக்கிக் கழுத்தைத் தொட்டேன். ஒரு சொட்டு வியர்வை இல்லை, தோல் காய்ந்து கொதித்தது. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. 'கட்டு எடு, கட்டு எடு' என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் வைத்தேன். எண் காட்டவில்லை. அளவுக்கு மேல் போனால் காட்டும் எழுத்து மட்டும் வந்தது.

"தண்ணி கொண்டா, ஊத்தணும்" என்றேன்.

அவள் மாமியார் குறுக்கே வந்து நின்றாள். "ஜன்னி கண்ட ஒடம்புல தண்ணி ஊத்தினா இழுத்துக்கினு போயிடும். நான் ரெண்டு பேர அப்படி பாத்துட்டேன்." நான் எடுத்த போர்வையை மறுபடி போர்த்தினாள்.

"இது ஜுரம் இல்ல. வெயிலு. வெயிலு உள்ள பூந்துக்கிச்சி."

"ஜுரம் இல்லன்னா, அப்ப இன்னாத்துக்கு மாத்திரை குடுக்கச் சொன்ன?"

அந்த அம்மாள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவள் செய்ததெல்லாம் நான் போனில் சொன்னதோடு ஒத்துத்தான் போயிற்று. ஏழுமலையைப் பார்த்து, "உங்க அம்மாவ வெளிய கூட்டிக்கினு போ. ஆம்புலன்சுக்குப் போன் போடு" என்றேன். அவன் ஒரு நிமிடம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தாயைத் தோளைப் பிடித்து வெளியே நகர்த்தினான். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணுமாக அஞ்சலையைத் தூக்கி வந்து வாசலில் இருந்த புங்க மரத்தடியில் போட்டோம். வீட்டில் இருந்தது அரைக் குடம் தண்ணீர். குழாயில் தண்ணீர் மாலைதான் வரும்.

தடுப்பூசிப் பெட்டி என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மூடியில் கை வைத்துவிட்டுத் தயங்கினேன். அவ்வளவு வருடப் பழக்கம். அந்த மருந்து சூடாகாமல் இருக்க நான் பட்ட பாட்டில் கால்வாசிகூட இந்தப் பெண்ணுக்காகப் பட்டதில்லை என்று அப்போது தோன்றியது. திறந்தேன். நான்கு ஐஸ் பேக்கையும் எடுத்து இரண்டு அக்குளிலும் இரண்டு தொடை இடுக்கிலும் வைத்தேன். அரைக் குடத்தில் புடவையை நனைத்துப் போர்த்தி, இரண்டு பேரை முறத்தால் விசிறச் சொன்னேன். பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் எண்ணைக் காட்டியது. பார்க்கச் சகிக்காத எண்தான், ஆனாலும் எண். ஆம்புலன்ஸ் வந்து கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது.

மறுநாள் காலை லூர்து மேடம் வந்தார். வீணான மருந்துக் குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். பக்கத்தில் என் விளக்கக் கடிதம். 'கடும் வெயிலின் காரணமாக' என்று ஆரம்பித்திருந்தேன். மேடம் அந்த வரியில் விரலை வைத்தார்.

"வெயிலு எல்லார் மேலயும்தான் அடிச்சிது. இவ மட்டும் எப்படி விழுந்தா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்தா?"

அதுவும் தெரியவில்லை.

"வா, நடக்கலாம்" என்றார். முழங்காலைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார். அன்று செட்டுப் பெண்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனோம். மேடம் வெயிலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்போது எழுகிறாய், எப்போது அடுப்புப் பற்றவைக்கிறாய், எப்போது கடைசியாகத் தண்ணீர் குடித்தாய் என்று மட்டும் கேட்டார்.

நான்கு மணிக்குக் கொல்லையில் நிற்க வேண்டுமென்றால் ஒன்றரைக்கு எழவேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் ஆண்கள் எழுவதற்கு முன். ஒன்பதுக்கு வெட்டு முடியும். ஆண்கள் வீட்டுக்குப் போயோ மரத்தடியிலோ படுப்பார்கள். பெண்கள் தோகை கழித்துக் கட்டு கட்டிக்கொண்டிருப்பார்கள். டிராக்டர் எப்போதும் போலப் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். உச்சி வெயிலில் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்நேரம் கரும்பு முழுக்க வெட்டியாகிவிட்டதால் ஒதுங்க ஒரு மறைவும் இருக்காது, ஆகவே விடிந்ததிலிருந்து தண்ணீரும் இல்லை. வெட்டு நேரத்தை மாற்றினேன், வண்டி நேரத்தைக் கேட்கவே இல்லை. நான் மாற்றியது ஆண்களின் பகலை மட்டும்தான்.

இதையெல்லாம் விளக்கக் கடிதத்தில் வரிசையாக எழுதினேன். கடைசி வரியாக, 'தொலைபேசியில் கேட்டுவிட்டு மாத்திரை தரச் சொன்னேன், உடனே போகவில்லை' என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அது நியாயமானதுதான்.

அஞ்சலை பிழைத்தாள். சிறுநீரகம் அடிபட்டுச் சில தடவை ரத்தம் சுத்தம் செய்தார்கள். வீடு திரும்பியபோது கை நடுங்கியது, சொல் கொஞ்சம் தாமதமாக வந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் தலை சுற்றி விழுந்துவிடுவாள். டாக்டர் இனி வெயில் வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பொருள் அவளுக்கு உடனே புரிந்தது. ஜோடி இல்லையென்றால் ஏழுமலைக்கும் செட்டில் இடமில்லை. அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகவேண்டும், இவள் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் இங்கே கிடக்கவேண்டும்.

அடுத்த மாசியில் மேஸ்திரி என்னைத் தேடி வந்தார். "இந்த வருஷம் எத்தன மணிக்கு வெக்கலாம் நர்சம்மா?" என்றார். என்னைக் கேட்காதீர்கள், பெண்களைக் கேளுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் ஆணும் பெண்ணுமாகப் பள்ளிக்கூட வாசலில் கூடினார்கள். செட்டிலேயே இல்லாத அஞ்சலைதான் பின்னாலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள்: "மொதல்ல வண்டிய கேளுங்க."

அதற்குப் பிறகு மற்றவர்களும் பேசினார்கள். வண்டி ஏழு மணிக்குள் வந்தால் கட்டு ஏறும், இல்லாவிட்டால் மறுநாள் விடிகாலைதான் என்றார்கள். டிராக்டர்காரர் சிரித்துவிட்டு வழக்கம் போல மதியம் வந்தார். ஒருவரும் கட்டைத் தொடவில்லை. இரண்டு நாள் வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்து காய்ந்தது. காயக் காய எடை குறையும், கரும்பின் சொந்தக்காரருக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் அவரே விடியலில் வண்டியோடு வந்து நின்றார். அந்த ஊரில் நான் கண்ணால் பார்த்துச் சந்தோஷப்பட்ட காரியங்களில் அது ஒன்று.

அடுப்புக்கும் வழி பிறந்தது. ஒன்பது வீட்டிலும் தனித்தனியாக எதற்கு எழவேண்டும், எல்லார் அரிசியையும் வாங்கி அஞ்சலை ஒருத்தியே ஆக்கட்டும், அதையே அவள் வேலையாகக் கணக்குவைத்து அந்த ஜோடியைச் செட்டில் வைத்துக்கொள்வோம் என்று பெண்கள் சொன்னார்கள். மேஸ்திரி முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஏழுமலை பெங்களூர் போகவில்லை. அடுத்த வருடமே நான் ஓய்வு பெற்றேன்.

பயிற்சி வகுப்பு முடிந்த அன்று மதியம், அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அஞ்சலையைப் பார்க்கப் போனேன். புங்க மரத்தடியில், அடுப்பு ஆறிக்கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் பெரிய பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவன் பாலிடெக்னிக் போகிறானாம். செட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் விழவில்லையாம்.

"மத்தவங்கல்லாம் மூணு மணி வரைக்கும் தூங்குறாங்க நர்சம்மா. நான் ஒருத்தி எழுந்தா போதும்" என்றாள்.

"நீ எத்தன மணிக்கு எழுந்திருக்குற?"

"பன்னண்டரை. ஒம்போது வூட்டுக்கு ஆவணும் இல்ல?"

"பகல்ல தூங்கிக்கிறியா?"

"இந்தத் தகரத்துக்குக் கீழயா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நான் எழுந்து உள்ளே போனேன். அவள் பாய் விரித்தபடியே கிடந்தது. படுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட என்னால் முடியவில்லை.